என்ஜின் மாறிய காரும் அசல்தான்

ஐம்பது வயது கடந்த காருக்கு இந்தியச் சட்டத்தில் இப்போது தனி இடம் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுக்கு மேல் ஆன, வாடகைக்கு ஓடாத கார்களையும் இருசக்கர வண்டிகளையும் ‘விண்டேஜ்’ என்று பதிவுசெய்துகொள்ளலாம். நம்பர் பிளேட்டில் மாநிலத்தின் எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அது பத்து ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். அந்த வண்டியில் அன்றாடம் போய்வரக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. விதியில் இன்னொரு நிபந்தனை இருக்கிறது: வண்டியை முதலில் வந்த உருவத்திலேயே பேணியிருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக்கூடாது. இந்தக் கட்டுரை அந்த ஒரு நிபந்தனையைப் பற்றியது. தருமபுரி போன்ற வறண்ட மேட்டு மாவட்டத்தில் நாற்பது, ஐம்பது ஆண்டு உழைத்த பெரிய காரை அது வெளியே நிறுத்திவிடுகிறது. கொட்டகையில் துணி போர்த்தி வைத்திருந்த காரை உள்ளே அழைக்கிறது. ஒரு காரின் அசல் தன்மை எதில் இருக்கிறது என்ற கேள்விக்கு விதி தரும் பதில் நம் மண்ணுக்குப் பொருந்தாது என்பது என் வாதம். அதை நிறுவ, நம் பெரிய கார்கள் எப்படிப் பிறந்தன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிராமத்தார் ‘பிளஷர்’ என்று சொன்ன கார்களில் மிகப் பெரியவை அமெரிக்க வண்டிகள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டும் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டு டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ என்ற மூன்று பெயர்களில் கார்களை விற்றது. மூன்று பெயர் என்றாலும் வண்டி பெரும்பாலும் ஒன்றுதான். கிரைஸ்லர் தன் ஏற்றுமதிச் சந்தைகளுக்காகப் பிளைமவுத்தின் பாடியையே எடுத்து, முன்பக்கக் கிரில்லையும் பெயர்ப் பட்டையையும் மாற்றி, டாட்ஜ் கிங்ஸ்வே என்றும் டிசோட்டோ டிப்ளமாட் என்றும் அனுப்பியது. ஒருவர் டிசோட்டோ வைத்திருந்தார், இன்னொருவர் பிளைமவுத் வைத்திருந்தார் என்று ஊர் வேறுபடுத்திப் பேசியபோது, இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அசல் என்று எதைச் சொல்வது என்ற சிக்கல் கம்பெனி வாசலிலேயே பிறந்துவிடுகிறது. 1953-இல் சுங்கவரி ஆணையம், உதிரிகளை இறக்கிப் பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்களே தொடரலாம் என்ற நிலையை எடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. அன்று சாலையில் இருந்த அமெரிக்கக் கார்கள் பல அதன்பின் தாய்க் கம்பெனி இல்லாத கார்கள் ஆயின. அவை எப்படிப் பிழைத்தன என்பதில்தான் இந்த வாதத்தின் உயிர் இருக்கிறது.

அதற்குப் போகுமுன், இன்றைய கணினி விளையாட்டுகளில் ஓடும் பழைய பெரிய கார்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்ற விளையாட்டில் ‘டொர்னாடோ’ என்றொரு கார் வருகிறது. 1957-ஆம் ஆண்டுச் செவ்ரோலே பெல் ஏரைப் பார்த்து வரைந்தது என்பது கார் தெரிந்த எவருக்கும் முதல் பார்வையிலேயே புரியும். உண்மையான கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் தொடாமல், கற்பனைக் கம்பெனி ஒன்றின் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அதைக் கற்பனைக் கார் என்கிறோம், சரி. அதே அளவுகோலை இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வேறொரு நாட்டின் காரை எடுத்து, முகத்தைச் சற்று மாற்றி, நம் பெயரை ஒட்டி, இன்னொரு இடத்து என்ஜினைப் பூட்டிய வண்டிகள்தாம் அரை நூற்றாண்டு நம் பெரிய கார்களாக இருந்தன. விளையாட்டுக் காருக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு உருவம் எங்கிருந்து வந்தது என்பதில் இல்லை. இவை நிஜமான பாரத்தை நிஜமான மேட்டில் இழுத்தன. மனிதரைச் சுமந்தன, பழுதாயின, திரும்ப எழுந்தன. அந்த வாழ்க்கைதான் இவற்றை யாருடைய நகலாகவும் இல்லாமல் ஆக்கியது.

அம்பாசிடரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கணக்கில் அது பெரிய காரே இல்லை. நீளம் நாலேகால் மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். நம் மாவட்டங்களில் அதுதான் பெரிய கார்: பின் சீட்டில் நான்கு பேர், முன்னால் நீள சீட்டில் டிரைவரோடு மூவர், டிக்கியில் கல்யாணச் சாமான். 1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-இல் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசைதான் இங்கே லேண்ட்மாஸ்டர். அதன் மூன்றாம் வரிசை அம்பாசிடர். பிறந்த ஊரில் அந்த மூன்றாம் வரிசை 1956-க்கும் 1959-க்கும் இடையில் சிறிது காலம் விற்றுவிட்டு மறைந்தது. இங்கே 2014 மே வரை உத்தர்பாரா வாசலிலிருந்து வெளிவந்துகொண்டே இருந்தது. இத்தனை ஆண்டில் பானெட்டுக்குக் கீழே நடந்ததைப் பாருங்கள். முதலில் பழைய பக்கவால்வு என்ஜின்; சில ஆண்டுகளில் 1,489 சி.சி. மேல்வால்வு பெட்ரோல் என்ஜின். 1980 வாக்கில் அதே கொள்ளளவில் டீசல். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல், அதோடு ஐந்து கியர். பிறகு இசுசுவின் 2 லிட்டர் டீசல். இடையில் எரிவாயு வகைகள். ஸ்டியரிங்கோடு ஒட்டியிருந்த கியர் தரைக்கு வந்தது. டிரம் பிரேக் இருந்த முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் ஏறியது. கம்பெனியே தன் காரின் இருதயத்தை ஐந்தாறு முறை மாற்றியபோது ஒருவரும் இது அம்பாசிடர் இல்லை என்று சொல்லவில்லை. உடைமையாளர் ஒருமுறை மாற்றினால் மட்டும் அசல் போய்விடும் என்பது எந்த நியாயத்தில் சேரும்?

தமிழ்நாட்டிலேயே பிறந்த சாட்சி இன்னும் தெளிவானது. 1948-இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ், வேன்கார்டு, பென்னன்ட், ஹெரால்டு என்று பல கார்களை வண்டலூரை அடுத்த தொழிற்சாலையிலிருந்து அனுப்பியது. இங்கிலாந்திலிருந்து வந்த ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. அதற்கு நான்கு கதவு வைத்து, 1970-களின் தொடக்கத்தில் கேஸல் என்ற பெயரில் விற்றது நம் ஊர்ப் பொறியாளர்களின் வேலை. அதே கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. அந்நாளில் இந்தியாவில் செய்த கார்களில் அதன் நீள அகலத்துக்கு ஈடு சொல்வது கடினம். பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1; அந்தக் கார் 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்று தேர்வானது. அதன் அச்சுகள் அங்கிருந்து சென்னைக்குக் கப்பலேறின. என்ஜினோ, 1940-களின் வேன்கார்டு வழியில் வந்த பழைய 2 லிட்டர் நான்கு சிலிண்டர். கனமான நவீனப் பாடியை அந்தக் கிழ என்ஜின் இழுக்கத் திணறியது. குடித்த பெட்ரோலுக்கு ஓட்டம் போதவில்லை. மூன்று, நான்கு ஆண்டில் காரும் கம்பெனியின் கார்த் தொழிலும் முடிந்தன. வியாபாரமாக அது தோல்வி. வரலாறாகப் பார்த்தால், இறக்குமதித் தடையும் அந்நியச் செலாவணிப் பஞ்சமும் இருந்த நாட்டில் ஒரு பெரிய கார் எப்படிச் செய்யப்பட்டது என்பதை இதைவிட நேராக எந்த ஆவணமும் காட்டாது. அந்தக் காரை வாங்கிய ஒருவர் பெட்ரோல் செலவு தாங்காமல் வேறு என்ஜின் பூட்டினார் என்றால், கம்பெனி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய தன் என்ஜினைப் பூட்டியதற்கும் அவர் செய்ததற்கும் காரணம் ஒன்றே: கையில் கிடைத்ததை வைத்து வண்டியை ஓட வைப்பது.

இப்போது அந்த அமெரிக்கப் பிளைமவுத்துகளிடம் திரும்பலாம். அவற்றில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், கொள்ளளவு மூன்றரை லிட்டருக்கு மேல். 1973-இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஒரே தாவலில் பல மடங்கு ஏறியதும், அந்த என்ஜினோடு ஓடுவது பெரும் செல்வருக்கே சுமையாகிவிட்டது. காரை எடைக்குப் போடுவது ஒரு வழி. டீசல் என்ஜின் பூட்டுவது இன்னொரு வழி. நாடு முழுவதும் டாக்ஸிக்காரர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அதற்கான என்ஜின் நம் மாநிலத்திலேயே செய்யப்பட்டது. சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி, இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் உரிமத்தோடு 1950-கள் முதல் டீசல் என்ஜின் செய்துவந்தது. சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிக் காட்டியதும் இதே சிம்ப்சன் கம்பெனியில்தான். அமெரிக்கப் பாடிக்குள் செம்பியத்து டீசல் ஏறியபோது, என்ஜின் உட்காரும் தாங்கியை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. கியர்பாக்ஸோடு இணைக்கத் தனி வளையம் லேத்தில் கடைய வேண்டியிருந்தது. அதிர்வு கூடியதால் ரேடியேட்டருக்கு ரப்பர் வைக்க வேண்டியிருந்தது. படிப்புச் சான்றிதழ் இல்லாத கைகள் செய்த பொறியியல் அது. டெட்ராய்ட்டில் வரைந்த எந்த வரைபடத்திலும் அது இல்லை. அதைத்தான் இன்றைய விதி ‘பெரிய மாற்றம்’ என்று குறித்துத் தள்ளிவைக்கிறது.

தருமபுரியின் நில அமைப்பைப் பார்த்தால் இந்த மாற்றங்கள் ஏன் தவிர்க்க முடியாதவை என்பது விளங்கும். சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபரில் பிரிந்த இந்த மாவட்டம், வடக்கே பெங்களூருக்கும் தெற்கே சேலத்துக்கும் நடுவில், பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை ஊடறுக்கும் மேட்டு நிலம். தெற்கு எல்லையில் தொப்பூர்க் கணவாய். பிரேக் சூடேறி லாரிகள் கவிழ்வதால் இன்றும் செய்தியில் அடிபடும் இறக்கம். மேற்கே பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் வளைவுகள். கிழக்கே அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் சித்தேரி மலை. கம்பெனி டீலரின் சர்வீஸ் பட்டறை சேலத்தில் அல்லது பெங்களூரில். கிரில்லுக்கும் கண்ணாடிக்கும் காத்திருக்கலாம். நடு வழியில் என்ஜின் நின்றால் காத்திருக்க முடியாது. நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளுக்கு லாரி டீசல் என்ஜின் அத்துபடி. மழை பொய்த்த நிலத்தில் கிணற்று ஆயில் என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். அமெரிக்கப் பெட்ரோல் என்ஜினின் கார்புரேட்டருக்கு உதிரி தேடுவதைவிட, கைக்குப் பழகிய டீசலை அதில் இறக்குவது அவர்களுக்கு இயல்பாக வந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகும்வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தின் பகுதி. 1980 வாக்கில் அங்கே அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் தொழிற்சாலை திறந்தன; லாரியும் மொபெட்டும் அங்கே பிறந்தன. கார் பிறக்கவில்லை. கார் இந்த மாவட்டத்துக்குப் பிற இடத்திலிருந்து வந்தது. இங்கே நடந்தது அதன் மறுபிறப்பு.

சட்டத்தின் பக்கமே திரும்பிப் பார்த்தாலும் இந்த நிபந்தனை தன் முன்னோரோடு முரண்படுகிறது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், வண்டியில் மாற்றம் செய்பவர் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இருந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் முதலில் அதே வழியில்தான் இருந்தது. மாற்றம் குற்றமாகக் கருதப்படவில்லை. பதிவு செய்யாத மாற்றம்தான் குற்றம். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். எரிபொருள் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறியதும், புதிய என்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் ஏறும். 2000-த்தில் வந்த திருத்தம் இதை இறுக்கியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உறுதிப்படுத்தியது. அப்போதும் வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கான வழியைச் சட்டம் நிபந்தனைகளோடு திறந்தே வைத்திருக்கிறது. ஆக, 1975-இல் ஒருவர் தன் காருக்கு டீசல் என்ஜின் பூட்டி, கட்டணம் கட்டி, அரசின் கையெழுத்தைப் புத்தகத்தில் வாங்கியிருக்கிறார். அன்று அரசு ஏற்று முத்திரையிட்ட அதே செயலைக் காட்டி, இன்று அரசு அவருடைய பேரனிடம் உன் கார் பாரம்பரியம் ஆகாது என்கிறது. ஒரே அரசின் இரண்டு கைகள் ஒன்றை ஒன்று அறியாமல் எழுதிய எழுத்து இது. என் பார்வையில், அந்த ஆர்.சி. புத்தகத்தின் மேற்குறிப்பே அந்தக் காரின் மிகச் சிறந்த வரலாற்றுச் சான்று.

பழையதைப் பேணுவதில் நம் மரபு என்ன சொல்கிறது என்று கேட்பது பொருத்தம். தகடூர் என்று சங்க காலத்தில் பெயர் பெற்றது இந்தத் தருமபுரிதான். அதன் தலைவன் அதியமானை ஔவையார் புறநானூற்றின் 87-ஆம் பாட்டில், நாளுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முழுக்க உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரத்தோடு ஒப்பிட்டார். வண்டியின் பெருமையை அதைச் செய்த கையின் உழைப்பில் காணும் பார்வை இந்த மண்ணைப் பற்றிய மிகப் பழைய பாட்டிலேயே இருக்கிறது. கோயில் தேரையும் பாருங்கள். குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத்துக்குப் பெண்கள் வடம் பிடித்து இழுக்கும் தேர் உட்பட, தமிழ்நாட்டில் எந்தத் தேரும் செய்த நாளில் இருந்த மரத்தோடு மட்டும் நிற்பதில்லை. அச்சு மாறும், குத்துக்கட்டை மாறும், சிற்பப் பலகை உளுத்தால் புதிது ஏறும். திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதன்பின் அது ஆழித்தேர் இல்லை என்று எந்தப் பக்தரும் எந்த ஆய்வாளரும் சொன்னதில்லை. தேர் ஓட வேண்டும் என்பதுதான் முதன்மை. ஓடுவதற்காக நேர்ந்த மாற்றத்தை மரபு தன் பகுதியாகவே ஏற்றுக்கொள்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளுக்கு உரிய தூய்மையை ஓடும் பொருளிடம் கேட்பது நாம் பழகாத வழக்கம்.

இது நம் ஊர்ப் பாசத்தால் சொல்லும் வாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ‘ஃபீவா’, 30 ஆண்டு கடந்த வண்டியை வரலாற்று வாகனம் என ஏற்கிறது. அடையாள அட்டை தரும்போது வகை பிரிக்கிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது ஒரு வகை. அந்தக் காலத்திலேயே, அந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தால் மாற்றப்பட்டது இன்னொரு வகை. மறுபடைப்புக்கும், பிற்காலத்தில் மாற்றியதற்கும் தனித்தனி வகை. மாற்றத்தை மறைக்கவும் வேண்டாம், அதற்காகத் தண்டிக்கவும் வேண்டாம். எப்போது நடந்தது என்று குறித்தால் போதும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. கியூபாவை எல்லோரும் அறிவர். 1960-களில் அமெரிக்கத் தடை வந்தபின் உதிரி வராமல் போன செவ்ரோலேகளுக்கும் பியூக்குகளுக்கும் ரஷ்ய என்ஜினும் டீசல் என்ஜினும் ஏற்றி இன்றுவரை ஹவானா ஓட்டுகிறது. அவற்றைப் பார்க்க உலகமே அந்தத் தீவுக்குப் போகிறது. அங்கே மதிப்புப் பெறுவது எந்தக் கைவேலையோ, அதே கைவேலைதான் நம் நெடுஞ்சாலைப் பட்டறைகளில் நடந்தது. நம் விதி எழுதியவர்கள் 50 ஆண்டு என்று உலக வழக்கைவிடக் கடுமையான வயதை வைத்தார்கள். அதற்கு மேல் மாற்றமே கூடாது என்றும் சேர்த்தார்கள். இரண்டும் ஒன்றாக நின்றால் மிஞ்சுவது அரண்மனைக் கார்களும் ஒரு சில நகரத்துச் சேகரிப்புகளும்தான்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது ஏமாற்று பற்றியது. மாற்றிய காருக்கும் பட்டம் உண்டென்றால், ஆளாளுக்கு நான்கு துண்டை ஒட்டிப் பழைய கார் என்று வந்து நிற்பார்கள். திருட்டு வண்டிக்கும் புது எண் கிடைத்துவிடும். இந்த அச்சம் நியாயமானது, அதை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் தடுப்பு வேறு இடத்தில் இருக்க வேண்டும். மாற்றம் எந்த ஆண்டில் நடந்தது, ஆர்.சி. புத்தகத்தில் ஏறியதா, பூட்டிய என்ஜின் அந்தக் காலத்தில் இங்கே கிடைத்ததுதானா என்ற மூன்றையும் பார்த்தாலே பெரும்பாலான பொய் உதிர்ந்துவிடும். போன வருடம் ஜப்பானிய என்ஜின் ஏற்றிய பிளைமவுத்துக்கு நான் வாதாடவில்லை. அந்த வண்டி அன்றாட உழைப்பில் இருந்தபோது, உழைப்புக்காக நடந்த மாற்றத்தையே பேசுகிறேன். மேலும், மாற்றமே கூடாது என்ற விதிதான் இன்று பொய்யைத் தூண்டுகிறது. பட்டம் வேண்டுபவர் உழைத்த டீசலைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு பெட்ரோல் என்ஜினைத் தேடிப் பூட்டி அசல் ஆக்கிக் காட்டுவார். அந்த வண்டி கம்பெனியிலிருந்து அப்படி வரவுமில்லை, ஊரில் அப்படி ஓடவுமில்லை.

புகையும் பாதுகாப்பும் அடுத்த மறுப்பு. பழைய டீசல் கரும்புகை கக்கும். அம்பாசிடரில் காற்றுப்பையும் கிடையாது, மோதலைத் தாங்கும் அமைப்பும் கிடையாது. உண்மைதான். இந்த வண்டிகளை மறுபடி தொப்பூர் இறக்கத்தில் ஆள் ஏற்றி ஓட்டச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. விண்டேஜ் பதிவே அன்றாட ஓட்டத்தைத் தடுத்திருக்கிறது. அந்தத் தடை நீடிக்கட்டும். ஆண்டுக்குச் சில நாள் ஊர்வலத்தில் போகும் கார் பெட்ரோலில் போனாலும் டீசலில் போனாலும் மாவட்டத்துக் காற்றுக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

அம்பாசிடர் உரிமக் கட்டுப்பாட்டு ஆட்சியின் அடையாளம். போட்டி இல்லாததால் உருவம் மாறாமல் கிடந்த, வாங்குபவரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்த கார். அதைப் பேண வேண்டிய தேவை என்ன என்று கேட்பவர்களும் உண்டு. குற்றச்சாட்டை ஏற்கிறேன். அந்தக் கார் நல்ல கார் என்பதால் காக்கச் சொல்லவில்லை. ஒரு பொருளாதாரக் கொள்கை மக்களின் கையில் எந்த உருவத்தில் வந்து சேர்ந்தது என்பதற்கு அதைப்போல் வேறு சான்று இல்லை. கம்பெனி செய்யாமல் விட்ட மேம்பாட்டைப் பட்டறைக்காரர் செய்தார் என்பதும் அந்த வரலாற்றின் பாதி. மாற்றங்களை அழித்துவிட்டால் அந்தப் பாதி காணாமல் போகிறது. கார் வைத்திருந்தவர்களே விரல்விட்டு எண்ணத்தக்க ஏழை மாவட்டத்தில் கார் வரலாறு யாருக்கு என்ற கேள்விக்கும் இதே இடத்தில் பதில் உண்டு. கார் குறைவாக இருந்த இடத்தில்தான் ஒவ்வொரு காரும் பலருக்கு வேலை செய்தது: பிரசவத்துக்கும், கல்யாணத்துக்கும், தேர்தலுக்கும், சர்க்கார் காரியத்துக்கும். செல்வர் வீட்டு அலங்காரமாக மட்டும் இருந்திருந்தால், டீசல் பூட்டி இன்னும் இருபது ஆண்டு ஓட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு நேர்ந்திருக்காது.

இதையெல்லாம் பேசுவதற்கு அவசரம் ஒன்று இருக்கிறது. மத்திய, மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பொதுத்துறைக்கும் சொந்தமான, 15 ஆண்டு கடந்த வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகும் என்று விதி வந்துவிட்டது. அவை பதிவுபெற்ற உடைப்புக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்ட ஆட்சியரிலிருந்து துறை அலுவலர்வரை பல பத்தாண்டு சுமந்தவை அம்பாசிடர்கள். 15-இல் உடைக்கச் சொல்லும் விதிக்கும் 50-இல் மரியாதை தரும் விதிக்கும் நடுவில் 35 ஆண்டுப் பள்ளம். அரசாங்க அம்பாசிடர் ஒன்றுகூட அதைத் தாண்டி விண்டேஜ் ஆக முடியாது. கடைசி வண்டி 2014-இல் வந்தது என்பதால், 2029-க்குள் அரசுப் பதிவில் இருக்கும் கடைசி அம்பாசிடரும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். தனியார் வண்டிக்கு 15 ஆண்டுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கும் வழி உண்டு. ஆனால் அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. பசுமை வரியும் எஃப்.சி. செலவும் சேர, ஓடாத காரை வைத்திருக்கும் சிற்றூர்க் குடும்பம் எடைக்கே போட்டுவிடும்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று. விண்டேஜ் விதியில், பழைய பதிவுப் புத்தகத்தில் ஏறிய என்ஜின், எரிபொருள் மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, அதைத் தனி வகையாகக் குறிக்க மத்திய அரசு ஒரு வரி சேர்க்க வேண்டும். அரசு வண்டிகளை உடைப்புக்கு அனுப்புமுன் மாவட்டத்துக்கு ஒன்றையாவது அருங்காட்சியகத்துக்கு ஒதுக்க மாநில அரசு ஆணையிட வேண்டும். கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகம், ஒரு தனியார் அமைப்பு மனம் வைத்தால் எவ்வளவு முடியும் என்று காட்டிவிட்டது. தருமபுரி அரசு அருங்காட்சியகம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. அந்த முற்றத்தில் ஒரு காருக்கு இடமிருக்கும். மூன்றாவது, வண்டியைவிட முக்கியமானது: அதன் காகிதங்கள். ஒவ்வொரு அரசு வண்டிக்கும் லாக் புக் உண்டு. எந்தத் தேதியில் எந்த ஊருக்கு எந்த வேலையாகப் போனது, எத்தனை லிட்டர் போட்டது, எந்த உதிரி எப்போது மாறியது என்பதெல்லாம் அதில் டிரைவரின் கையெழுத்தோடு பதிந்திருக்கும். வறட்சி ஆண்டில் ஆட்சியர் எத்தனை முறை பென்னாகரம் பக்கம் போனார், தேர்தல் வாரத்தில் அரூர் வண்டி எங்கெல்லாம் சுற்றியது என்பதை எழுத வரும் ஆய்வாளருக்கு அந்தப் புத்தகம் வேண்டும். வண்டியை உடைப்புக் கூடத்துக்கு ஒப்படைக்கும் அன்று அந்த லாக் புக்கையும், ஆர்.சி. புத்தகத்தையும், பழுது பார்த்த பில்களையும் ஒரே கட்டாகக் கட்டி ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் நிரந்தர வகையில் சேர்க்கச் சொல்லும் ஒரு சுற்றறிக்கைக்குக் காசு செலவில்லை. சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. அதைத் தருமபுரி ஆட்சியரகமே இந்த ஆண்டில் தொடங்கலாம்.